ஆழ்நீரின் உஷ்ணமும் கப்பல்கள் எழுதிவைத்த கணக்கும்

பூமி சூடேறுகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் நினைவு காற்றையும் வெயிலையும் நாடிச் செல்வது இயல்பே. ஆயினும், கடந்த அரை நூற்றாண்டில் இவ்வுலகம் மிகையாகச் சேர்த்துக்கொண்ட உஷ்ணத்தில் பத்தில் ஒன்பது பங்கு சமுத்திரத்துக்குள்தான் இறங்கியிருக்கிறது என்பதும், அதிலும் பாதிக்கு மேற்பட்டது மேற்பரப்பிலிருந்து எழுநூறு மீட்டர் ஆழம் வரையுள்ள நீரிலேயே தங்கியிருக்கிறது என்பதும் இன்று நிலைபெற்றுவிட்ட உண்மைகள். ஆகவே உலகத்தின் உஷ்ண நிலையை அறிய விரும்புவோர் கடலின் மேல்நீரை, அதன் ஆழத்தோடு சேர்த்து, அளந்தே தீரவேண்டும். விண்ணிலே சுற்றிவரும் செயற்கைக்கோள்களின் பார்வைக்குக் கடலின் மேற்புறம் மட்டுமே புலப்படும். அதற்குக் கீழே இருப்பதை அறிய ஏதேனும் ஒரு கருவி நீருக்குள் இறங்க வேண்டும். அக்கருவியை இறக்கும் வேலையோ, இருபதாம் நூற்றாண்டு முடியும் வரையில், ஏறக்குறைய முழுவதும் கப்பல்களின் பொறுப்பாகவே இருந்தது. அவ்வாறு இரண்டரை நூற்றாண்டாக இறக்கப்பட்ட கருவிகள் சொன்னவற்றை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இந்த வரலாற்றின் முதல் ஏடு ஓர் அவமானத்தோடு பிணைந்தது. 1751-ஆம் வருஷம் ‘ஏர்ல் ஆஃப் ஹாலிஃபாக்ஸ்’ என்ற கப்பலின் தலைவரான ஹென்றி எல்லிஸ், அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெப்பமண்டல எல்லைக்கருகே, ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் வகுத்துக் கொடுத்த ஒரு வாளியைக் கடலில் இறக்கினார். இறங்கும்போது திறந்தும் ஏறும்போது மூடியும் நிற்கும் கதவுகள் கொண்ட அவ்வாளி, மேற்பரப்பில் 84 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் இருந்த இடத்தில், 3,900 அடி ஆழத்திலிருந்து 53 டிகிரி நீரை மேலே கொண்டுவந்தது. 5,346 அடி வரை இறக்கியபோதும் அதற்குக் கீழே குறையவில்லை. உச்சிவெயில் காயும் கடலுக்கடியில் குளிர்ந்த நீர் நிற்கிறது என்பதை ஐரோப்பிய விஞ்ஞான உலகம் முதன்முதலாக அறிந்தது இப்படித்தான். அந்தக் குளிர்ந்த நீரைத் தம் குளியலுக்கும் மதுவைக் குளிர்விக்கவும் எல்லிஸ் பயன்படுத்திக் கொண்டார். அவர் செலுத்தியதோ ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் செல்லும் வியாபாரக் கப்பல். இந்த உண்மையை மறைத்துவிட்டு அவருடைய அளவையை மட்டும் போற்றுவது நேர்மையாகாது.

எல்லிஸின் அளவு தவறானது என்று இன்று நமக்குத் தெரியும். அவ்வளவு ஆழத்தில் உண்மையான உஷ்ணம் அவர் கண்டதைவிடப் பல டிகிரி குறைவு. வாளி மேலே வரும் நெடுநேரத்தில், சுற்றியுள்ள வெதுவெதுப்பான நீர் உள்ளிருந்த நீரைச் சூடாக்கிவிட்டது. இந்தக் குறையை நீக்க, ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த ஓர் உஷ்ணமானி உதவிக்கு வந்தது. வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் பாதரசம் ஒரு சிறிய எஃகு முள்ளைத் தள்ளிச் சென்று, தான் கண்ட மிகக் குறைந்த உஷ்ணத்தின் எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பும். ஆதலால் மேலே வரும் வழியில் ஏற்படும் சூடு அந்த முள்ளைப் பாதிக்காது. ஆனால் ஒரு பிழையை வெளியேற்றிய அக்கருவி மற்றொரு பிழையை உள்ளே அழைத்துக்கொண்டது. ஆழ்கடலின் அழுத்தம் கண்ணாடிக் குமிழை நெருக்கியது; நெருங்கிய குமிழிலிருந்து திரவம் மேலேறியது; உஷ்ணமானி உண்மையைவிட அதிகமான உஷ்ணத்தைக் காட்டியது.

இந்தச் சிறிய பிழையினால் விளைந்த பெரிய மயக்கம் விஞ்ஞான வரலாற்றில் நினைவில் வைக்கத்தக்கது. நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிக அடர்த்தி பெறுகிறது. கடல்நீரும் அவ்வாறே என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், அழுத்தத்தால் கெட்டுப்போன உஷ்ணமானிகள் ஆழத்தில் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டவே, உலகின் ஆழ்கடல் எங்கும் ஒரே சீராக 4 டிகிரி உஷ்ணத்தில் நிற்கிறது என்ற சித்தாந்தம் வேரூன்றிவிட்டது. 1839 முதல் 1843 வரை தென்துருவக் கடல்களில் பிரயாணம் செய்த ஜேம்ஸ் கிளார்க் ராஸ் போன்ற அனுபவமிக்க மாலுமியும் இதையே நம்பினார். இத்தனைக்கும் உண்மையை ஒட்டிய அளவுகள் அதற்கு முன்பே கிடைத்திருந்தன. பள்ளி மாணவர்கள் மின்சாரப் பாடத்தில் லென்ஸ் விதி என்று படிக்கும் விதிக்குரிய எமில் லென்ஸ், 1823-லிருந்து 1826 வரை கோட்ஸபு என்ற தலைவரின் ரஷ்யக் கப்பலில் உலகைச் சுற்றிவந்தபோது, வெகு கவனமாகக் காப்பிடப்பட்ட ஒரு பாத்திரத்தைக் கொண்டு ஆழ்நீரை எடுத்து, ஏறும் வழியில் அது எவ்வளவு சூடாகும் என்பதையும் கணக்கிட்டுக் கழித்து, 4 டிகிரிக்கும் குறைவான உஷ்ணங்களைப் பதிவு செய்தார். அவருடைய முறை சரியானது. ஆயினும் எண்ணிக்கையில் மிகுந்த தவறான அளவுகள், எண்ணிக்கையில் குறைந்த சரியான அளவுகளை அரை நூற்றாண்டு காலம் மறைத்து நின்றன.

திரை விலகியது 1868-இல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஃபாரோ தீவுகளுக்கும் ஷெட்லண்டுக்கும் இடைப்பட்ட கடலில் ‘லைட்னிங்’ என்ற பழைய கப்பலில் சென்ற வைவில் தாம்ஸனும் கார்பெண்டரும், ஒரே ஆழத்தில், ஒன்றுக்கொன்று வெகுதூரமில்லாத இரண்டு இடங்களில், ஓரிடத்தில் உறைநிலையை ஒட்டிய நீரையும் மற்றோரிடத்தில் எட்டு டிகிரிக்கு அருகிலுள்ள நீரையும் கண்டார்கள். ஆழ்கடல் எங்கும் ஒரே உஷ்ணம் என்ற கொள்கை அங்கேயே சரிந்தது. அவ்விரண்டு நீரையும் பிரித்து நிற்கும் கடலடி மேடு பின்னால் கண்டுபிடிக்கப்பட்டு, தாம்ஸனின் பெயரையே பெற்றது. அடுத்த வருஷம் ‘போர்குப்பைன்’ கப்பல் புறப்பட்டபோது, மில்லர் என்ற ரசாயனப் பேராசிரியர் கூறிய யோசனைப்படி, குமிழைச் சுற்றி இன்னொரு கண்ணாடி உறை போட்டு, இடைவெளியில் ஓரளவு சாராயத்தை நிரப்பி, அழுத்தம் உட்குமிழை எட்டாதபடி கஸெல்லா என்ற கருவித் தொழிலாளர் செய்து கொடுத்த உஷ்ணமானிகள் அதில் சென்றன.

இந்தக் கருவியைத்தான் ‘சேலஞ்சர்’ கப்பல் உலகைச் சுற்றி எடுத்துச் சென்றது. 1872 டிசம்பரில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, 1876 மே மாதம் தாய்நாடு திரும்பிய அக்கப்பல், ஏறத்தாழ 69,000 கடல் மைல் தூரம் கடந்து, 362 இடங்களில் நின்று கடலைச் சோதித்தது; அவற்றில் ஏறத்தாழ முந்நூறு இடங்களில் ஆழத்துக்கு ஆழம் உஷ்ணம் அளக்கப்பட்டது. சணற்கயிற்றில் குறித்த இடைவெளிகளில் உஷ்ணமானிகளைக் கட்டி, ஏறத்தாழ ஆறடி கொண்ட பாகக் கணக்கில் நூறு பாகம், இருநூறு பாகம் என்று இறக்கி, அவை சுற்று நீரின் உஷ்ணத்தை ஏற்கும் வரை காத்திருந்து, மறுபடியும் நீராவி யந்திரத்தால் இழுத்தெடுத்து, ஒவ்வொன்றாகப் படித்துக் குறிப்பேட்டில் எழுதிய அந்த வேலையின் சலிப்பை இன்று நாம் ஊகிக்கத்தான் முடியும். கப்பலின் திசைகாட்டும் அதிகாரியான டிஸார்டின் பொறுப்பில் நடந்த இப்பணியில், எந்த இடம், எந்த நாள், எந்த எண்ணுள்ள உஷ்ணமானி, எந்த ஆழம் என்பவை அனைத்தும் கிரமமாகப் பதிவாயின. கப்பல் திரும்பிய பின்னரும் விசாரணை ஓயவில்லை. காப்புறையையும் மீறி அழுத்தத்தால் பிழை உண்டா என்ற சந்தேகம் எழவே, எடின்பரோ சர்வகலாசாலையின் பேராசிரியர் டெய்ட் அதே உஷ்ணமானிகளை அழுத்த யந்திரத்தில் வைத்து ஆராய்ந்து, எஞ்சியிருந்த பிழை மிகச் சிறியது என்று நிரூபித்தார்.

இவ்வளவு விரிவாக இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2012-ஆம் வருஷம் டீன் ரோமிக், ஜான் கோல்ட், ஜான் கில்ஸன் என்ற மூவர், சேலஞ்சர் அளந்த அதே இடங்களில், அதே ஆழங்களில், இன்றைய தானியங்கி மிதவைகள் காட்டும் உஷ்ணத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். நூற்று முப்பத்தைந்து வருஷ இடைவெளியில் மேற்பரப்பு நீர் சராசரியாக 0.59 டிகிரியும், மேற்பரப்பிலிருந்து எழுநூறு மீட்டர் வரையுள்ள நீர் சராசரியாக 0.33 டிகிரியும் உஷ்ணம் ஏறியிருப்பதாக அவர்கள் கண்டார்கள். ஆழம் செல்லச் செல்ல வித்தியாசம் குறைந்துகொண்டே போயிற்று. சேலஞ்சரின் அளவுகளில் குறை இல்லாமல் இல்லை. நீரோட்டத்தில் கயிறு சாய்ந்து நின்றால், ஐந்நூறு பாகம் கயிறு விட்டாலும் உஷ்ணமானி ஐந்நூறு பாக ஆழத்தை எட்டாது. மேலேயே நின்று, சற்று வெப்பமான நீரை அளக்கும். எஞ்சிய அழுத்தப் பிழையும் அதே திசையில்தான் செல்லும். அப்படியானால் 1870-களில் கடல் உண்மையில் சேலஞ்சர் சொன்னதைவிடக் குளிர்ந்தே இருந்திருக்க வேண்டும். நாம் கண்ட உஷ்ண ஏற்றம் ஆகக்குறைந்த மதிப்பே. எந்தப் பக்கம் எடை குறையும் என்று தெரிந்த தராசில் நிறுத்த சரக்கைப் போல, பிழையின் திசை தெரிந்த அளவையைக் கொண்டு தைரியமாகத் தீர்ப்புச் சொல்லலாம். 2019-இல் கெபி, ஹய்பர்ஸ் என்ற இருவர் இதே ஏடுகளைக் கொண்டு, பசிபிக் சமுத்திரத்தின் மிக ஆழ்ந்த பகுதி இடைப்பட்ட காலத்தில் சிறிது குளிர்ந்திருக்கிறது என்றும், அது சில நூற்றாண்டுகளுக்கு முன்னிருந்த குளிர்காலகட்டத்தின் நெடும் எதிரொலி என்றும் விளக்கம் கூறியதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இந்தத் துல்லியத்தின் அடுத்த படி தலைகீழாகும் உஷ்ணமானி. நெக்ரெட்டி–ஸாம்ப்ரா நிறுவனத்தார் 1874-இல் அமைத்த இக்கருவி, வேண்டிய ஆழத்தில் தலைகீழாகத் திரும்பியவுடன் பாதரச இழை ஒரு குறுகலில் அறுந்து, அந்தக் கணத்தின் உஷ்ணத்தை அப்படியே காப்பாற்றும். அழுத்தத்திலிருந்து காக்கப்பட்ட ஒன்றையும் காக்கப்படாத ஒன்றையும் ஜோடியாக இறக்கினால், இரண்டின் வித்தியாசத்திலிருந்தே உண்மையான ஆழத்தைக் கணக்கிடலாம். முன்பு எதிரியாக இருந்த அழுத்தம் இங்கே ஊழியனாகிவிட்டது. நான்ஸன் பெயரால் வழங்கும் நீர்க்குப்பியோடு சேர்ந்து, டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு வரை நுட்பமாக அளந்த இம்முறை, 1925–27-இல் ஜெர்மானிய ‘மீட்டியார்’ கப்பல் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்கும் கடந்து அளந்த பெரும்பணியில் உச்சம் பெற்று, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் மற்ற கருவிகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்கியது. ஆனால் இதற்குக் கப்பல் நின்றாக வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி பெற்ற கை வேண்டும்.

நிற்காமல் அளக்க வேண்டிய அவசியத்தை யுத்தம் கொண்டுவந்தது. நீருக்குள் செல்லும் ஒலி, உஷ்ணம் மாறும் அடுக்கில் வளைந்து கீழே சென்றுவிடும். அந்த ஒலிநிழலில் நீர்மூழ்கிக் கப்பல் ஒளிந்துகொள்ளும். ஆகவே மேல்நீரின் உஷ்ண அடுக்குகளை அறிவது போர்க்கப்பல்களுக்கு உயிர்ப் பிரச்னையாயிற்று. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் 1938-ஐ ஒட்டி உருவாக்கிய பாத்திதெர்மோகிராஃப், ஓடும் கப்பலிலிருந்தே கம்பியில் இறக்கப்பட்டு, ஒரு சிறிய கண்ணாடிச் சில்லின் மேல் ஆழத்துக்கும் உஷ்ணத்துக்கும் உள்ள உறவைக் கோடாகக் கீறிக்கொண்டு திரும்பும். முந்நூறு மீட்டருக்குச் சற்றே குறைந்த ஆழம் வரைதான் அது எட்டும். நுட்பமும் தலைகீழாகும் உஷ்ணமானிக்கு ஈடாகாது. இருந்தும் யுத்தகாலத்திலும் அதன் பிறகும் கடற்படைகள் இதைப் பெருவாரியாகப் பயன்படுத்தவே, மேல்நீரைப் பற்றிய செய்தி, வரலாற்றில் முதன்முறையாக, வெள்ளமாகப் பெருகியது.

அதன் பின்னர் வந்த கருவியே இக்கட்டுரைப் பொருளின் மையம். 1960-களில் அமெரிக்காவின் ஸிப்பிகன் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.பி.டி. என்ற எறிகருவி, திரும்ப இழுக்கப்பட வேண்டாதது. ஒருமுறை போட்டால் கடலுக்கே சொந்தம். துத்தநாக மூக்கில் உஷ்ணத்தை உணரும் சிறு மின்கருவி. அதிலிருந்து கப்பல் வரை மயிரிழை போன்ற செப்புக்கம்பி. கருவிக்குள் ஒரு சுருளும் கப்பலில் ஒரு சுருளும் இருப்பதால், கருவி கீழே விழும் வேகத்தில் ஒன்றும் கப்பல் ஓடும் வேகத்தில் மற்றொன்றும் தானே அவிழும், கம்பி இழுபடுவதில்லை. சரக்குக் கப்பலும் பிரயாணிகள் கப்பலும் தம் வழியில் ஒரு கணமும் தாமதியாமல், இரண்டே நிமிஷத்தில் எழுநூற்றைம்பது மீட்டர் ஆழம் வரை அளந்துவிடலாம். 1970 முதல் 1990-கள் வரையில் மேல்நீரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் மிகப் பெரும்பகுதி இக்கருவி தந்ததே.

ஆனால் இதில் ஆழத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. விழத் தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்பதை மட்டும் எண்ணி, இன்ன விநாடியில் இன்ன ஆழம் என்று உற்பத்தியாளர் கொடுத்த சூத்திரத்தால் கணக்கிட வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் வேகம். கம்பி அவிழ அவிழ எடை குறைவதால் வேகமும் சிறிது சிறிதாகக் குறையும். இந்தச் சூத்திரத்தை நிபுணர்கள் நுணுக்கமான கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கருவி சூத்திரம் சொல்வதைவிட விரைவாக விழுகிறது என்று தெரிந்தது. ஹனாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் தோழர்களும் 1995-இல் வெளியிட்ட திருத்தத்தின்படி, வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுக்கு மேல். நானூறு மீட்டர் என்று எழுதப்பட்ட இடம் உண்மையில் அதற்குப் பதின்மூன்று, பதினான்கு மீட்டர் கீழே. ஆழத்தோடு உஷ்ணம் விரைந்து குறையும் அடுக்கில் இச்சிறு பிழையும் உஷ்ணக் கணக்கைக் கெடுக்கப் போதுமானது.

திருத்தம் கிடைத்ததோடு பிரச்னை தீர்ந்திருக்கலாம், தீரவில்லை. அந்த ஒரே திருத்தம் எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது என்பதும், தயாரிப்பில் நேர்ந்த மாறுதல்களாலும் நீரின் பிசுபிசுப்பாலும் விழும் வேகம் காலத்துக்குக் காலம் இடத்துக்கு இடம் வேறுபட்டது என்பதும், உஷ்ணத்தைப் பதியும் பகுதியிலும் சிறு மிகை உண்டு என்பதும் படிப்படியாகவே வெளிப்பட்டன. 2000-ஆம் வருஷம் சிட்னி லெவிடஸ் குழுவினர், நாற்பது வருஷங்களில் முந்நூறு மீட்டர் வரையுள்ள நீர் சராசரியாக 0.31 டிகிரி சூடேறியது என்று உலகுக்கு அறிவித்த பெரும் ஆராய்ச்சியில், 1970-களில் கடல் திடீரென்று சூடேறி 1980-களில் மறுபடி குளிர்ந்தது போன்ற ஒரு திமில் தென்பட்டது. கணித மாதிரிகள் எவையும் அந்தத் திமிலைக் காட்டவில்லை. கடலின் இயல்பை மாதிரிகள் அறியவில்லை என்று சிலர் குறை கூறினார்கள். 2007-இல் குரெட்ஸ்கியும் கோல்டர்மனும், எக்ஸ்.பி.டி. காட்டும் உஷ்ணம் நம்பத்தக்க மற்றக் கருவிகளைவிடச் சராசரியாக 0.2 முதல் 0.4 டிகிரி வரை அதிகம் என்று எடுத்துக்காட்டிய பின்னர்தான், திமிலின் பெரும்பகுதி கடலில் இல்லை, கருவியில் இருந்தது என்பது விளங்கியது. காலத்துக்கேற்ற திருத்தங்களைப் பயன்படுத்திய டொமிங்குவெஸ் குழுவினர் 2008-இல், 1961 முதல் 2003 வரை மேல்நீர் சூடேறிய வேகம் முன் எண்ணியதைவிடச் சுமார் ஐம்பது சதவீதம் அதிகம் என்றும், அதே சமயம் 1993-க்குப் பிந்திய பத்தாண்டின் வேகம் முன் எண்ணியதைவிடச் சுமார் நாற்பது சதவீதம் குறைவு என்றும் கண்டார்கள். கடல்மட்டம் ஏன் இவ்வளவு உயர்ந்தது என்ற நெடுநாள் கணக்கும் அப்போதுதான் ஏறக்குறைய நேரானது. பிழையைத் திருத்தியதால் சூடேற்றம் குறைந்தது என்றோ கூடியது என்றோ ஒரே வாக்கில் சொல்லி, தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வோர் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் கடல்களின் கதை இதனினும் மெலிந்தது. சேலஞ்சர் இந்து சமுத்திரத்தின் தென்கோடியை மட்டும் கடந்து ஆஸ்திரேலியா சென்றுவிட்டது. வங்கக் கடலையோ அரபிக் கடலையோ காணவில்லை. 1933–34-இல் செமூர் ஸிவெல் தலைமையில் எகிப்தியக் கப்பலான ‘மபாஹிஸ்’ அரபிக் கடலில் செய்த ஆராய்ச்சிக்குப் பின், 1960-களின் முற்பாதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கூடி நடத்திய சர்வதேச இந்து சமுத்திர ஆராய்ச்சியே இப்பகுதியின் முதல் விரிவான அளவை. அதில் இந்தியக் கடற்படையின் ‘கிஸ்ட்னா’வும் கொச்சியிலிருந்து ‘வருணா’வும் பங்கு பெற்றன, 1966-இல் தேசியக் கடலாராய்ச்சி நிலையம் தோன்றியது அதன் பயனே. பின்னர் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும், போர்ட் பிளேருக்கும் கல்கத்தாவுக்கும் இடையே செல்லும் கப்பல்களிலிருந்து எக்ஸ்.பி.டி. போடும் பணி தொடங்கிப் பல வருஷங்கள் நடந்தது. அந்தமானுக்குப் போகும் பிரயாணிகள் கப்பலின் பின்தளத்தில் ஒருவர் நின்று போட்ட கருவிகளால்தான், புயல்களுக்கு வலிமை தரும் வங்கக் கடலின் மேல்நீர் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பது தொடர்ச்சியாகத் தெரியவந்தது.

இவ்வரலாற்றை முழுவதும் நோக்கும்போது எனக்குத் தோன்றும் தீர்மானம் ஒன்று உண்டு. கருவியின் நுட்பத்தைவிட, அக்கருவியைப் பற்றிய குறிப்பே நெடுங்காலம் பயன் தருவது. சேலஞ்சரின் உஷ்ணமானி இன்றைய அளவில் முரட்டுத்தனமானது. ஆனால் எது, எங்கே, எப்படி அளந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். அதனால் நூற்று முப்பது வருஷங்களுக்குப் பிறகும் அதன் பிழையை எடைபோட முடிந்தது. அதற்கு நூறு வருஷம் பிந்திய எக்ஸ்.பி.டி. அளவுகளிலோ, சர்வதேசக் களஞ்சியத்தில் உள்ளவற்றில் ஏறத்தாழப் பாதிக்கு, எந்த வகைக் கருவி, யார் செய்தது என்ற குறிப்பே இல்லை. சிலவற்றில் பழைய சூத்திரமா புதிய சூத்திரமா என்பதும் தெரியாமல், ஒரே திருத்தத்தை இருமுறை செய்துவிடும் அபாயமும் நேர்ந்தது. கப்பலின் நாடு, வருஷம், எட்டிய ஆழம் இவற்றிலிருந்து கருவியின் வகையை ஊகிக்க இன்று பலர் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த உழைப்பே தேவையில்லை.

இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் இப்பணியின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன. 2007 இறுதியில் மூவாயிரத்தை எட்டிய அவை, பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்து வந்து செய்தி சொல்கின்றன. ஆனால் அவற்றின் அளவையைச் சரிபார்ப்பவை கப்பல்களிலிருந்து இறக்கப்படும் நுண்கருவிகளே. கடலின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழேதான் கிடக்கிறது, அங்கே செலவு மிகுந்த கப்பல் பயணங்களே இன்றும் பெரும்பாலும் நம்பிக்கைக்குரிய சாட்சி. கடந்த காலத்துக்கோ எந்த மிதவையும் திரும்பிச் செல்ல இயலாது. 1993 முதல் சர்வதேச முயற்சியாக, பல நாடுகளின் அலமாரிகளில் கிடந்த காகிதக் குறிப்புகள் மீட்கப்பட்டு வருகின்றன, அப்பணி முடிந்துவிடவில்லை. நம் நாட்டுத் துறைமுக அலுவலகங்களிலும், கப்பல் கம்பெனிகளிலும், கடற்படைக் கிடங்குகளிலும், ஆராய்ச்சி நிலையங்களின் பழைய அறைகளிலும் உஷ்ணக் குறிப்புகள் கொண்ட கப்பலேடுகள் இருக்குமானால், அவற்றுக்குப் பொறுப்பானவர்கள் அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன்னால் கடலாராய்ச்சி அறிந்த ஒருவரிடம் காட்டுமாறு வேண்டிக்கொள்கிறேன்.